மார்ஷலுக்கு இரட்டையாகத் தெரிகிறதா?

(திரையில்: ஜெர்மனி வரைபடம். யேனா, ஆவர்ஸ்டெட், இரண்டு புள்ளிகள்.)

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். 1806 அக்டோபர் 14 அன்று இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போர் நடந்தது. யேனாவில் நெப்போலியன். எதிரே நிற்பது ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் முக்கியப் படை என்று நினைத்து மோதினார், ஜெயித்தும் விட்டார். ஆனால் முக்கியப் படை அங்கே இல்லை. தங்கள் அரசரையும் தளபதி பிரன்ஸ்விக் கோமகனையும் வைத்துக்கொண்டு, சுமார் 60,000 பேராக, அது ஆவர்ஸ்டெட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதன் வழியில் வந்து மாட்டியவர் நெப்போலியனின் மார்ஷல், அதாவது உயர்மட்டத் தளபதி, லூயி நிக்கோலா தாவூ. அவரிடம் இருந்தது சுமார் 27,000 பேர்.

(திரையில்: தாவூவின் ஓவியம்.)

யார் இவர்? 1770இல் பர்கண்டியில் பிறந்தவர். பிரபுக் குடும்பம்தான், ஆனால் சொத்து ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வழுக்கைத் தலை, கிட்டப்பார்வை, போர்க்களத்திலும் கண்ணாடி. குதிரையை மறைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு வாத்தியார் என்றுதான் நினைப்போம்! 1804இல் நெப்போலியன் 18 பேரை மார்ஷல் ஆக்கியபோது அதில் மிக இளையவர் இவரே, வயது 34. மனைவி எமே, நெப்போலியனின் தங்கை போலினுக்கு நாத்தனார். சொந்தக்காரர் என்பதால் வந்த பதவி என்று நினைக்க இடம் இருந்தது, ஆவர்ஸ்டெட் வரைக்கும்.

சரி, போருக்கு வருவோம். காலையில் அடர்த்தியான மூடுபனி. அது கலைந்தபோது தாவூவின் படையில் முதலில் வந்து சேர்ந்திருந்தது ஜெனரல் குதேனின் பிரிவு மட்டும். பிரஷ்யத் தளபதி ப்ளூகர் தன் குதிரைப்படையைத் திரும்பத் திரும்ப ஏவினார். குதேனின் காலாட்படையோ சதுர வியூகம் அமைத்து, நான்கு பக்கமும் துப்பாக்கி நீட்டி நின்றது. குதிரைகளால் உள்ளே நுழைய முடியவில்லை. அப்புறம் ஃப்ரியானின் பிரிவு வந்தது, கடைசியாக மோரானின் பிரிவு. இதற்கிடையே பிரன்ஸ்விக் கோமகனின் கண்ணில் குண்டு பாய்ந்தது. அடுத்து யார் கட்டளையிடுவது என்று அரசர் உடனே தீர்மானிக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு பிரஷ்யப் படை பின்வாங்கியது. தாவூ இழந்தது சுமார் 7,000 பேர், அதாவது நாலில் ஒரு பங்கு. பக்கத்திலேயே ஒரு முழுப் படையோடு இருந்த இன்னொரு பிரெஞ்சு மார்ஷல் பெர்னடோட் உதவிக்கு வரவே இல்லை.

முக்கியப் படையைத் தாவூதான் தோற்கடித்தார் என்ற சேதி கேட்ட நெப்போலியன், அதைக் கொண்டுவந்தவரிடம், “உங்கள் மார்ஷலுக்கு எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது” என்றாராம். கண்ணாடிக்காரருக்கு ஒரு குத்து! உண்மை தெரிந்ததும் தாவூவின் படைதான் முதலில் பெர்லினுக்குள் நுழையட்டும் என்று கௌரவித்தார். ஆனாலும் அரசு அறிக்கையில் ஆவர்ஸ்டெட், யேனா போரின் வலது பக்கத்தில் நடந்த ஒரு சண்டையாகச் சுருங்கியது.

1809இல் எக்முல் போர், 1812இல் ரஷ்யப் படையெடுப்பு. பின்னர் ஹாம்பர்க் முற்றுகை, நகருக்குள் இருந்து காத்தவர் தாவூ. இங்கேதான் அவருடைய கறாரின் கொடூர முகம் தெரிகிறது. முற்றுகைக்குத் தாக்குப்பிடிக்கும் அளவு உணவு சேர்த்து வைக்காத பல ஆயிரம் மக்களை, 1813 குளிர்காலத்தில் நகரை விட்டே துரத்தினார். அவர்களில் நிறையப் பேர் பக்கத்து ஊரான ஆல்டோனாவில் செத்தார்கள். நகரத்தை மட்டும் அவர் விடவில்லை. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்த பிறகும், புதிய அரசரின் உத்தரவு வந்து, மே மாதத்தில்தான் வெளியேறினார்.

1815இல் நெப்போலியன் திரும்பி வந்தார். இப்பேர்ப்பட்டவரைப் போர் அமைச்சராக்கி பாரிஸில் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார். என்னைக் கேட்டால், பெரிய தப்பு. நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போருக்கு முன் 33,000 பேர் கொண்ட வலது அணி, அந்த வசந்தத்தில்தான் மார்ஷலான குரூஷியிடம் போனது. போர் நடந்த நாளில் அந்த அணி வேறொரு ஊரில் இருந்தது. அடுத்த மாதம் பாரிஸை ஒப்படைத்து, மிஞ்சிய படையை லுவார் ஆற்றுக்குத் தெற்கே கூட்டிப்போகும் வேலை தாவூவின் தலையில் விழுந்தது.