முதல் கன்றுக்கு எந்தக் காளை?

நேயர்களுக்கு வணக்கம்.

கிடேரி, அதாவது இன்னும் ஈனாத இளம் பசு, பருவத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் சினை ஊசி, அதாவது காளையின் விந்தைச் செலுத்தும் ஊசி, போடுகிறவருக்குப் போன் போகிறது. அவர் வந்து நின்றதும் நம்மில் பலர் கேட்பது, "நல்லா பால் வர்ற ஊசியா இருக்கா?" என்பதைத்தான். மூன்று நான்கு ஈற்று கண்ட பசுவுக்கு அந்தக் கேள்வி போதும். கிடேரிக்கு அதற்கு முன்னால் இன்னொன்று கேட்டாக வேண்டும். இந்தக் காளைக்குப் பிறக்கிற கன்று, இந்தக் கிடேரியின் இடுப்பெலும்பைத் தாண்டி வெளியே வருமா?

கிடேரிக்கு உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே நாம் சினைப்படுத்துகிறோம். இடுப்பெலும்பு வளையமும் முழு அகலத்துக்கு வந்திருக்காது. அந்த வளையத்தைவிடக் கன்றின் நெற்றியோ தோளோ பெரிதாகிவிட்டால் சிக்கல்தான். முதல் ஈற்றில் கன்று சிக்குவதற்கு முதன்மையான காரணம் இதுவே. இழுத்து எடுத்தாலும் பாடு தீராது. கன்று மூச்சுத் திணறிச் சாகலாம், பிறப்புறுப்பு கிழியலாம், நஞ்சுக்கொடி தங்கிக் கருப்பையில் சீழ் வைக்கலாம். இடுப்புக்குள் ஓடுகிற நரம்பு நசுங்கினால் மாடு பின்னங்காலை ஊன்ற முடியாமல் படுத்துவிடும். எந்தப் பாலுக்காகப் பெரிய இனத்து ஊசியைத் தேடினோமோ, அந்தப் பால் அந்த ஈற்றிலேயே போய்விடும்.

கன்றின் பிறப்பு எடை பெரிதும் இனத்தைப் பொறுத்தது. தூய ஜெர்சிக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ இருக்கும். ஹோல்ஸ்டீன் பிரீசியன், அதாவது நாம் ஹெச்.எஃப். என்கிற இனத்தின் கன்று 40 கிலோவை ஒட்டி இருக்கும். தமிழகத்தில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப். என்று வகுத்திருப்பதற்கு வெயிலும் தீவனமும் காரணம். ஆனால் கிடேரியின் கணக்கிலும் அந்த ஏற்பாடு நமக்குச் சாதகம்தான். முதல் சினைக்கு ஜெர்சி, அல்லது ஜெர்சி கலப்பினக் காளை என்று வைத்துக்கொண்டால் பாதிக் கவலை விட்டது. உங்கள் கிடேரியில் ஏற்கெனவே பாதி ஜெர்சி ரத்தம் இருந்தால் மறுபடியும் தூய ஜெர்சி போடாமல் கலப்பினக் காளையின் விந்தைக் கேளுங்கள். சீமை ரத்தம் ஏற ஏற நம் வெயிலைத் தாங்கும் திறன் குறைந்துகொண்டே போகும்.

நாட்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல். திமிலுள்ள இனத்துத் தாய், வயிற்றில் கன்று அளவுக்கு மீறி வளர விடாது. காங்கேயம் கிடேரிக்கு ஜெர்சி ஊசி போட்டால் பெரும்பாலும் தானாகவே ஈன்றுவிடும். இதையே திருப்பிப் போட்டால், அதாவது திமிலுள்ள காளையைத் திமிலில்லாத சீமைத் தாய்க்குச் சேர்த்தால், கன்று எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகப் பிறக்கும். அதற்காக உம்பளச்சேரி மாதிரிச் சிறிய உடல்வாகுக் கிடேரிக்கு ஹெச்.எஃப். போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

இப்போது இறக்குமதி விந்துக் குச்சிகளும், அதாவது விந்து அடைத்த மெல்லிய குழாய்களும், கிராமம் வரை வருகின்றன. கூடவே காளைப் பட்டியலும் வருகிறது. அதில் எண்களைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அமெரிக்க ஹோல்ஸ்டீன் பட்டியலில் கன்று ஈனும் எளிமைக்கு ஓர் எண்ணைச் சதவீதமாகக் கொடுத்திருப்பார்கள். முதல் ஈற்றில் நூற்றுக்கு எத்தனை ஈற்று கடினமாக இருக்கும் என்ற கணிப்பு அது. ஆகவே எண் குறைவாக இருக்கிற காளைதான் கிடேரிக்கு உகந்தது. ஆங்கஸ் போன்ற இறைச்சி இனங்களின் பட்டியலிலோ கணக்கு நேர் எதிர். அங்கே உதவியில்லாமல் ஈனும் கிடேரிகளின் வேறுபாட்டைச் சொல்கிறார்கள். ஒரு காளைக்கு 12, இன்னொன்றுக்கு 5 என்றால், ஒரே மாதிரிக் கிடேரிகளில் முதல் காளைக்கு நூற்றுக்கு ஏழு கூடுதலாக யார் கையும் படாமல் ஈனும் என்று பொருள். அங்கே எண் கூடுதல் நல்லது. எந்தப் பட்டியல் என்று பார்க்காமல் பெரிய எண்ணைத் தேடினால் தவறான காளையில் போய் நிற்போம்.

அந்த ஆங்கஸ் வளர்ப்பவர்களிடமிருந்து இன்னும் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். காளை பிறந்தபோது என்ன எடை இருந்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதன் தாய் இளசா, என்ன தின்றது, எந்தப் பருவத்தில் ஈன்றது என்பதெல்லாம் அந்த எடையில் கலந்திருக்கும். அதன் கன்றுகள் எப்படிப் பிறந்தன என்பதே நம்பத் தகுந்த சாட்சி. அடுத்தது, எளிமை எண்ணுக்குள்ளேயே பிறப்பு எடையும் கணக்கில் வந்துவிடுகிறது. எளிமை எண் இருக்கும்போது எடை எண்ணைத் தனியாக வேறு சல்லடை போட்டால், தேவையில்லாமல் நல்ல காளைகளைக் கழித்துவிடுவோம். கன்று சிறிதாக இருந்தால் நல்லது, மிகச் சிறிதாக இருந்தால் இன்னும் நல்லது என்பது சரியல்ல. மிகவும் சிறிய கன்று குளிரைத் தாங்காது, எழுந்து பால் குடிக்கவும் திணறும்.

பாலினம் பிரித்த விந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிக் கன்று என்பதற்காக அதை வாங்குகிறார்கள். அதோடு வருகிற இன்னொரு லாபம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெண் கன்று காளைக் கன்றைவிட இரண்டு கிலோ போல எடை குறைவு. முதல் ஈற்றில் அந்த இரண்டு கிலோ பெரிய விஷயம். சினை பிடிக்கும் வாய்ப்பு சாதாரண விந்தைவிடக் குறைவு என்பதால், பருவம் தெளிவாகத் தெரிகிற, ஆரோக்கியமான கிடேரிக்கு மட்டும் போடுங்கள்.

கோயில் காளையிடம் விடுவது பற்றிக் கேட்பார்கள். சாமிக்கு விட்ட காளை என்ற மரியாதையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் கன்றுகள் எப்படிப் பிறந்தன என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? கருச்சிதைவு நோய் பரவும், காளையின் பாரம் சிறிய கிடேரியை முறிக்கும். பல நேரங்களில் அதுவே கிடேரியின் தகப்பனாகவும் இருக்கும். இந்த ரத்த உறவுச் சிக்கல் ஊசியிலும் உண்டு. ஒரே காளையின் குச்சி ஒரே ஊரில் சில ஆண்டுகள் ஓடினால், அப்பன் விந்தே மகளுக்கு வந்து சேரும். குச்சியின் மேல் காளை எண், இனம், விந்து நிலையம் எல்லாம் அச்சிட்டிருக்கும். கிடேரியின் தாய்க்குப் போட்ட எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

காளையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. கிடேரி தயாரா? வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். முழு வளர்ச்சி எடையில் 60 முதல் 65 சதவீதம் வந்திருக்க வேண்டும். ஜெர்சி கலப்பினத்துக்கு 220 முதல் 230 கிலோ, ஹெச்.எஃப். கலப்பினத்துக்கு 250 முதல் 275 கிலோ. தராசு தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். கிடேரியைச் சமதரையில் நான்கு காலும் நேராக நிற்க வையுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து வாலின் பக்கத்தில் துருத்தி நிற்கிற எலும்பு வரை நீளம். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. நெஞ்சு 56, நீளம் 48 என்று வைத்துக்கொள்வோம். 56ஐ 56ஆல் பெருக்கினால் 3136. அதை 48ஆல் பெருக்கி 660ஆல் வகுத்தால் 228 கிலோ. ஜெர்சி கலப்பினக் கிடேரிக்கு ஊசி போடலாம். 180 கிலோதான் வருகிறது என்றால், எவ்வளவு கத்தினாலும் இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். 21 நாளில் அடுத்தது வரும். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில்.

சினையான பிறகு நடக்கிற பெரிய தவறு ஒன்று உண்டு. கன்று பெருத்துவிடும் என்று பயந்து கடைசி மூன்று மாதம் தீவனத்தைக் குறைக்கிறார்கள். கன்று அவ்வளவாக இளைக்காது, கிடேரிதான் இளைக்கும். முக்கத் தெம்பில்லாமல் நின்றுவிடும், சீம்பாலும் வற்றும். ஈனும் நேரத்தில் அதன் எடை முழு வளர்ச்சியில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். கொழுக்க வைப்பதும் தவறுதான். இடுப்புக்குள் கொழுப்பு அடைத்துப் பாதை குறுகிவிடும்.

ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். பனிக்குடம் தெரிந்த பிறகு இரண்டு முன்னங்கால் குளம்பும், அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் சரியான நிலை. உள்ளங்குளம்பு வானத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் பின்னங்கால், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கிடேரி முக்கிக்கொண்டே இருந்தும் ஒரு மணி நேரமாக எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்கு அழையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கயிறு போட்டு இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கன்று பிறந்து எழுந்து நின்றதும், துடைத்துவிட்டு, சாக்கில் வைத்து எடை போட்டுவிடுங்கள். குச்சியில் இருந்த காளை எண், கன்றின் எடை, தானாக ஈன்றதா, கை கொடுக்க வேண்டியிருந்ததா என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஊசி போடுகிறவரிடமும் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக் கிடேரிக்கு அந்தக் குச்சியை எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

வணக்கம்.