மண்ணெண்ணெய் மணத்த போத்தல்

நேயர்களுக்கு வணக்கம். வைன் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் படித்துப் பட்டம் வாங்கிய ஆள் இல்லை, ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு உணவகத்தில் மூன்று வருடம் கோப்பை கழுவி, ஒருநாள் ஆள் வராததால் மேசைப் பக்கம் இழுக்கப்பட்டு, அப்படியே அங்கே தங்கிவிட்டவன். பிரெஞ்சு வெள்ளை வைன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க இந்த நேரம் காணாது. ஒரே ஒரு வைனைப் பற்றிச் சொல்கிறேன்.

மேசைக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர் விட்டுப்போன ஒரு போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவு வைன் கிடந்தது. உயரமாக, கழுத்து மெலிந்த பச்சைப் போத்தல், மஞ்சள் லேபல். மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்! யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்ட கை எப்படி மணக்கும், அதே மணம். யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று பதறி, எங்கள் சொம்லியேயிடம், அதாவது வைன் தெரிவு செய்து ஊற்றிக் கொடுக்கிறவரிடம், ஓடினேன். மனுஷன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. இந்த மணத்துக்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள் என்றார்.

அந்தப் போத்தலின் பெயர் குளோ சான்த் யூன். ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்தது. அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கரட்டுக்கு நிறம் கொடுக்கிறதே கரோட்டின், அந்தக் குடும்பத்துப் பொருட்கள் திராட்சைத் தோலிலும் இருக்கின்றன. வெயில் பட்ட பழத்தில் அவை கூடுதலாக உடைகின்றன, பிறகு போத்தலுக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும்போது புளிப்பின் துணையோடு டி.டி.என் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பொருளாக மாறுகின்றன. அதுதான் மண்ணெண்ணெயாக மணக்கிறது. இளம் வைனில் இது தூக்கலாக வந்தால் குறை என்பார்கள். முதிர்ந்ததில், தேசிக்காய்த் தோலுக்கும் தேனுக்கும் நடுவே மெல்லிசாக வந்தால் அதற்குத் தனி மரியாதை.

சரி, இது எந்த ஊர்? கிழக்குப் பிரான்சில் அல்சாஸ். மேற்கே வோஜ் மலைத்தொடர் நின்று அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மேகத்தை மறித்துவிடுவதால், மலையின் இந்தப் பக்கம் மழை குறைவு. பக்கத்திலுள்ள கொல்மார் பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. அதனால் வடக்கே இவ்வளவு தள்ளியிருந்தும் திராட்சை இலையுதிர் காலம் வரை கொடியில் நின்று ஆறுதலாகப் பழுக்கிறது. அங்கே ஹுனாவிர் என்று ஒரு சின்னக் கிராமம். கொடிகளுக்கு நடுவே கோட்டைச் சுவர் கட்டிய ஒரு பழைய தேவாலயம், 1687 முதல் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரும் அதைப் பங்குபோட்டு வழிபடுகிறார்கள். நான் போன நாள் ஒரு குருவி கூட இல்லை, அவ்வளவு அமைதி.

ஊருக்குப் பெயர் கொடுத்தவர் யூன் என்ற ஏழாம் நூற்றாண்டுப் பெண். பிரபு குடும்பத்துக்காரி, ஆனால் ஏழைகளின் உடுப்பை ஊற்றடியில் தன் கையாலேயே துவைத்துக் கொடுத்தாராம். 1520இல் திருத்தந்தை பத்தாம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் அந்த ஊற்றில் தண்ணீருக்குப் பதில் வைன் ஓடியது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் ஒரு போத்தல் இருநூறு யூரோவைத் தாண்டி விற்கிற சரக்கில் உடுப்புத் துவைத்தவரின் பெயர் இருக்கிறது என்பது கோப்பை கழுவிய எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் செய்கிறவர்கள் திரிம்பாக் குடும்பம். 1626 முதல் வைன் தொழில், இப்போது ரிபோவில்லே ஊரில் இருக்கிறார்கள். பதின்மூன்று தலைமுறை! இடையில் அல்சாஸ் 1871இல் ஜெர்மனிக்குப் போய், 1918இல் பிரான்சுக்குத் திரும்பி, 1940இல் மறுபடி ஜெர்மனியிடம் சிக்கி, போர் முடியும்போது மறுபடி பிரான்சுக்கு வந்தது. ஒரே வீட்டில் இருந்த கிழவருக்கு நாலு தடவை நாடு மாறியிருக்கும். குளோ சான்த் யூன் என்ற பெயரில் முதல் போத்தல் 1919ஆம் ஆண்டு அறுவடை, பிரான்சுக்குத் திரும்பிய கையோடு.

தோட்டம் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? 1.67 ஹெக்டேர். நம் கணக்கில் நாலு ஏக்கர் சொச்சம். சுண்ணாம்புக்கல் மண். வருடத்துக்கு 8,000 போத்தலைச் சுற்றித்தான் வரும், உலகம் முழுக்க அவ்வளவே. அது ரொசாக்கர் என்ற பெரிய சரிவுக்குள் ஒரு துண்டு. அந்தச் சரிவுக்கு அரசாங்கம் கிரான் குரூ என்ற உயர்ந்த தரத்தைக் கொடுத்தபோது, மற்றவர்கள் ஓடிப்போய் லேபலில் அடித்தார்கள், இவர்கள் நீண்ட காலம் அந்தச் சொல்லைப் போடவே இல்லை. சரிவு முழுவதும் ஒரே தரம் இல்லை, எங்கள் துண்டின் பெயர் போதும் என்பது அவர்கள் பக்க நியாயம். கொஞ்சம் திமிர்தான். ஆனால் சரக்கு இருக்கிறவனுக்குத் திமிர் அழகாகத்தான் இருக்கிறது.

புது ஓக் பீப்பாயில் போட்டு வனிலா மணம் ஏற்றுவது இங்கே கிடையாது. புளிப்பைத் தணிக்கிற இரண்டாம் நொதித்தலையும் விடுவதில்லை. சர்க்கரை முழுக்க நொதித்துப் போகும்வரை விட்டு, போத்தலில் அடைத்து, குறைந்தது ஐந்து வருடம் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்து பிறகுதான் விற்கிறார்கள். ஐந்து வருடம் காசு முடங்கிக் கிடப்பது எப்படி இருக்கும் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

வாயில் விட்டால் இனிக்காது. வெள்ளை வைன் என்றால் இனிக்கும் என்று நம்பி வருகிறவர்கள் முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். பழப்புளியிலும் தேசிக்காயிலும் வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு அந்நியமில்லை, அதற்குப் பின்னால் உப்புப்போல ஒன்று வந்து நெடுநேரம் நிற்கும். அங்கே நன்னீர் மீனோடு கொடுப்பார்கள். வீட்டில் இதே குடும்பத்தின் விலை குறைந்த ரீஸ்லிங்கை மீன் சொதியோடு வைத்துப் பார்த்தேன், தேங்காய்ப்பாலுக்கு அது சும்மா அந்த மாதிரி இருந்தது. ஒன்று மட்டும், பனிக்கட்டி வாளியில் போட்டு விறைக்க வைக்காதீர்கள். நான் ஒருமுறை விலையான போத்தலொன்றை அப்படிச் செய்து, மணமே எழும்பாமல், அன்று வாங்கிய ஏச்சு கொஞ்ச நஞ்சமில்லை. பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸ் போதும்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. மகள் பிறந்த 2008ஆம் ஆண்டு அறுவடை, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கியது. இந்தக் காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம் என்று மனைவி இன்றைக்கும் சொல்வார். மகளின் பக் பரீட்சை, அதாவது பள்ளி இறுதிப் பரீட்சை, முடியட்டும் என்று வைத்திருக்கிறேன். கட்டிடத்தின் அடியில், எங்கள் நிலவறையில், பழைய சைக்கிளுக்குப் பின்னால் சாய்ந்து படுத்துக் கிடக்கிறது. மகளுக்கு அந்த மண்ணெண்ணெய் மணம் பிடிக்குமோ தெரியாது, அவள் ஜாம் போத்தல் விளக்கைக் கண்டதேயில்லை.