கோடீஸ்வரன் சறுக்குற அதே பனியில, நம்ம பட்ஜெட்ல

வணக்கம் மக்களே! பின்னாடி 'கட கட கட'ன்னு ஒரு சத்தம் கேக்குதா? ரோப் கார் தூணைத் தாண்டுற சத்தம். முதல் நாள் இதைக் கேட்டுட்டு கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்கு ஆறாவது நாள், கால் மேல கால் போட்டுட்டு உங்ககூடப் பேசிட்டு வர்றேன். மேல போய்ச் சேர சுமார் 25 நிமிஷம் ஆகும். அதுக்குள்ள முடிச்சுடணும், ஏன்னா மேல போய்ட்டா நான் பேச மாட்டேன், பனியில ஸ்கீ சறுக்கப் போயிடுவேன்.

இடம் ஃபிரான்ஸ், ஆல்ப்ஸ் மலை. இந்தப் பகுதிக்கு த்ருவா வாலேன்னு பேரு, மூணு பள்ளத்தாக்குன்னு அர்த்தம். கூர்ஷவெல், மெரிபெல், வால் தோரான்ஸ் எல்லாத்தையும் லிஃப்ட் வழியா, அதாவது ரோப் கார், தொங்கு நாற்காலி மாதிரி ஆளை மேல ஏத்தற வண்டிங்க வழியா, ஒண்ணாக் கோத்து வச்சிருக்காங்க. மொத்தம் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை. இதுல கூர்ஷவெல் இருக்கே, அது பணக்காரங்க குட்டி விமானத்துலயே வந்து இறங்குற ஊர். அங்க ஓடுதளம் வெறும் 537 மீட்டர், அதுவும் சரிவு, 18.6 சதவீதச் சாய்வு. இறங்குறப்ப மேட்டுல ஏறி நிக்கணும், கிளம்புறப்ப பள்ளத்துல ஓடிப் பறக்கணும். பார்க்க அவ்ளோ நல்லாருக்கும். பார்த்தேன், அவ்ளோதான். நான் வந்தது ரயில்ல, அப்புறம் பஸ்ல.

நான் தங்கியிருக்கறது கீழ. ப்ரீட்-லே-பான்னு ஒரு வெந்நீர் ஊற்று ஊர், 600 மீட்டர் உயரம். ஜன்னலைத் திறந்தா பனி தெரியாது, ஈர ரோடுதான் தெரியும். ராத்திரி ஏழு மணிக்கு ஊர் அடங்கிடும். ஆனா 1992 ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல வீரர்களைத் தங்க வச்சது இங்கதான். அவங்களை மெரிபெலுக்கு ஏத்திக் கொண்டுபோகக் கட்டினதுதான் இந்த ரோப் கார். பேரே ஒலிம்ப். லிஃப்ட் பாஸ் இருந்தா இதுக்குத் தனியா டிக்கெட் வேண்டாம்.

இப்ப நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். மேல, சறுக்குப் பாதைக்கு நடுவுல இருக்கற ஹோட்டல்ல ஒரு ராத்திரிக்குக் குடுக்கற காசு படுக்கைக்குப் போகுது. அதாவது, கதவைத் திறந்தா நேரா பனியில கால் வைக்கலாம்ங்கற சௌகரியத்துக்கு. சறுக்குப் பாதை உங்க ரூம் சாவியைக் கேக்காது, பாஸை மட்டும்தான் கேக்கும். காலையில லிஃப்ட் வரிசையில எனக்கு முன்னாடி நிக்கறவர் எந்த ஹோட்டல்னு எனக்குத் தெரியாது, நான் எங்கேர்ந்து வந்தேன்னு அவருக்கும் தெரியாது. ஹெல்மெட், கண்ணாடி போட்டுட்டா எல்லாரும் ஒரே மூஞ்சிதான்.

இந்த மாதிரி மேல-கீழ ஜோடி ஊர் நிறைய இருக்கு. சுவிட்சர்லாந்துல ஸெர்மாட்டுக்குப் பதிலா டேஷ்ல தங்கலாம், அஞ்சு கிலோமீட்டர்தான். ஸெர்மாட்ல கார் விட மாட்டாங்க, எப்படியும் டேஷ்ல நிறுத்திட்டு 12 நிமிஷ ரயில்லதான் போகணும். அதேமாதிரி வெர்பியேக்கு லு ஷாப்ல். அங்க ரயில்ல இறங்கின உடனே ரோப் கார்.

கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். கடைசி வண்டி போயிடுச்சுன்னா மாட்டிக்குவீங்க. ரெண்டாவது நாள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்ட்டு, திரும்பற லிஃப்ட் மூடற நேரத்தைப் பார்க்காம ஊர் சுத்தி, கடைசியில மூச்சு வாங்க ஓடி வந்தேன். ஸ்கீ பூட்ஸ் போட்டு ஓடறதுன்னா என்னன்னு போட்டவங்களுக்குத்தான் தெரியும். போன்ல லிஃப்ட் நேரத்தைப் படம் எடுத்து வச்சுக்கோங்க.

எப்ப வரணும்? புத்தாண்டுக் கூட்டம் கலைஞ்சதும், ஜனவரி ரெண்டாவது, மூணாவது வாரம். இல்லன்னா மார்ச் நடுவுக்கு மேல. பிப்ரவரி வேண்டவே வேண்டாம். ஃபிரான்ஸ்ல பள்ளிக்கூட லீவை மூணு மண்டலமாப் பிரிச்சு, ஆளுக்கு ரெண்டு வாரம்னு மாத்தி மாத்தி விடுவாங்க. அந்த மாசம் முழுக்க ரேட்டும் கூட்டமும் உச்சத்துல இருக்கும். ஜனவரியில குளிர் கடிக்கும், ஆனா பனி அருமை. மார்ச்ல பகல் நீளம், வெயில் சுகம், மத்தியானத்துக்கு மேல பனி கஞ்சியாயிடும். அதனால மார்ச்னா உயரமான இடம் பாருங்க. வால் தோரான்ஸ் 2300 மீட்டர்ல இருக்கு, ஐரோப்பாவிலயே உயரமான ஸ்கீ ஊர் அதுதான்.

இன்னொரு தந்திரம். இங்க வாடகைக்கு விடறதெல்லாம் பெரும்பாலும் சனிக்கு சனி. சனிக்கிழமை பாதிப் பேர் பெட்டி கட்டிட்டிருப்பாங்க, பாதிப் பேர் ரோட்டுல நெரிசல்ல நிப்பாங்க. மலை காலி! நான் ஞாயித்துக்கிழமை வந்தேன். இன்னிக்கு சனி. பாருங்க இந்த வண்டியை, நான் ஒருத்தன்தான். அதான் வெக்கமில்லாம கேமராகிட்டப் பேசிட்டிருக்கேன்.

சரி, எதுல கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு சொல்றேன். பூட்ஸ். பூட்ஸ். பூட்ஸ். ஸ்கீ கட்டையை மட்டமான ரகத்துல எடுத்தாலும் பரவாயில்ல, புதுசாக் கத்துக்கறவங்களுக்கு அதுதான் நல்லது, வளைஞ்சு குடுக்கும். ஆனா பூட்ஸ் சரியில்லன்னா ஒரு வாரமும் பாழ். அளவு சென்டிமீட்டர்ல சொல்வாங்க, பாதத்தை வீட்டுலயே அளந்துட்டு வாங்க. போட்டு நேரா நின்னா கட்டைவிரல் முன்னாடி லேசா உரசணும். முட்டியை மடக்கி முன்னாடி சாஞ்சா விரல் பின்வாங்கணும். குதிகால் மேல தூக்கிட்டு வந்தா, அந்த பூட்ஸ் உங்களுக்கு இல்ல. கூச்சப்படாம மாத்திக் கேளுங்க. நான் முதல் நாள் குளிருக்குப் பயந்து ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டேன். இறுக்கத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் மரத்துப் போச்சு. ஒரே ஒரு ஜோடி, மெல்லிசா, கம்பளியில, முழங்கால் வரைக்கும். போதும். ஜாக்கெட், பேன்ட் எல்லாம் நண்பர்கிட்ட கடன் வாங்கினது, போட்டோல யாருக்குத் தெரியப் போகுது? வாடகைச் சாமானை முன்கூட்டியே ஆன்லைன்ல பதிஞ்சுடுங்க, கடையில போய் நின்னு எடுக்கறதைவிடக் கணிசமாக் குறையும்.

ரெண்டாவது, வாத்தியார். தனி வாத்தியார் வேண்டாம், குரூப் கிளாஸ் போதும். ஆனா அதுவும் வேண்டாம், வீடியோ பார்த்துக் கத்துக்கறேன்னு சொல்லாதீங்க. வீடியோ போடற நானே சொல்றேன். நிறுத்தத் தெரியாம சறுக்கறது உங்களுக்கு மட்டும் ஆபத்து இல்ல.

மூணாவது, இன்ஷூரன்ஸ். மலையிலேர்ந்து இறக்கிக் கொண்டுவர்ற செலவு தனி. ஃபிரான்ஸ்ல பாஸ் வாங்கறப்பவே நாளுக்குச் சில யூரோ சேர்த்தா மீட்புக் காப்பீடு கிடைக்கும். இத்தாலில அடுத்தவங்க மேல மோதினா வர்ற நஷ்டத்துக்குக் காப்பீடு 2022லேர்ந்து கட்டாயம்.

பாஸ்ல நிறையப் பேர் ஏமாறுவாங்க. முழு 600 கிலோமீட்டர் பாஸ், ஆறு நாளைக்கு, 400 யூரோவை ஒட்டி வரும். முதல் தடவை வர்றவங்களுக்கு எதுக்கு அது? நிறைய ஊர்ல கத்துக்கற மேட்டுக்கு லிஃப்ட் இலவசம். முதல் ரெண்டு நாள் அங்கயே விழுந்து எழுந்திருங்க. அப்புறம் ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் பாஸ் எடுங்க. அமெரிக்கால இதே கணக்கு வேற மாதிரி, அங்க பெரிய இடங்கள்ல கவுன்ட்டர்ல ஒரு நாள் டிக்கெட்டே 300 டாலரைத் தாண்டும். சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி எபிக், ஐகான் மாதிரி பல ஸ்கீ ஊருக்குப் பொதுவான பாஸ் எடுத்தாத்தான் தப்பிக்கலாம்.

சாப்பாடு? ரொட்டி, சீஸ், பையில. சில ஊர்ல கையில கொண்டுவந்ததைச் சாப்பிடவே உள்ள ஒரு கூடம் இருக்கும், 'ஸால் ஓர் ஸாக்'னு போட்டிருப்பாங்க. பன்னெண்டரைலேர்ந்து ரெண்டு வரைக்கும் எல்லாரும் மலை உணவகத்துல உக்காந்திருப்பாங்க, அந்த நேரம் பாதை நமக்கு. ரெண்டரைக்கு அவங்க எழுந்ததும் நான் போய் அதே மொட்டைமாடி நாற்காலில, அதே வெயில்ல, ஒரு ஹாட் சாக்லேட். அதை மட்டும் விலை பார்க்காம வாங்குவேன். குடிக்கத் தண்ணிக்கு 'கராஃப் டோ'ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி, காசு கிடையாது.

நேத்து சாயங்காலம் கீழ வெந்நீர்க் குளியலுக்குப் போனேன். தொடை ரெண்டும் கல்லாயிருந்துச்சு, அப்படியே கரைஞ்சுது. மேல ஹோட்டல்ல இதுவும் ரூம் வாடகைலயே சேர்ந்திருக்கும். நான் வேணும்கறப்ப மட்டும் காசு குடுத்தேன்.

ஆ, வந்தாச்சு, வண்டி மெதுவாகுது. பூட்ஸ் கொக்கியை மாட்டணும்... இருங்க, போனைக் கையில வச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியல. கூர்ஷவெல் பக்கம் ஏறற லிஃப்ட்ல வரிசையே இல்ல, இங்கேர்ந்தே தெரியுது. நான் ஓடறேன்!