மைக்கைக் கடைசியில் கொடுங்கள்: எல்லையோரப் பள்ளியில் செய்தி வகுப்பு

[காட்சி: சித்தூர்ப்புழை. கரையோர நெல்வயல்கள்.]

குரல்: வணக்கம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிவி, ரேடியோ செய்தி தயாரிக்க எப்படிச் சொல்லித்தருவது?

வழக்கமாக, குரல் கணீரென்று இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். ஆங்கர் மாதிரியே வாசிக்கும், கைதட்டுவோம். அந்தத் தாளில் இருப்பது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

[காட்சி: வரைபடம். ஆழியாறு அணை, மணக்கடவு, சித்தூர்.]

குரல்: இந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீரைவிட நல்ல பாடம் கிடையாது. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் குறையும் காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பேச்சு, சித்தூர்ப் பக்கம் வேறொரு பேச்சு. மாமன் வீடு அங்கேயும் சொந்த வீடு இங்கேயுமாக வளரும் பிள்ளைகள் இரண்டையும் கேட்கிறார்கள். தமிழ்ப் பேப்பரும் படிப்பார்கள், மலையாளச் செய்தியும் புரியும். எந்த நகரத்துப் பள்ளிக்கும் இந்த வசதி இல்லை.

எனவே முதல் வாரம் நோட்டும் பேனாவும் மட்டும். ஒரு விவசாயியிடம் அனுப்புங்கள். போவதற்கு முன் கேள்வியைத் திருத்திக்கொடுங்கள்.

[திரையில்: "தண்ணி பத்தலைதானுங்களே?"]

குரல்: இது கேள்வியே இல்லை. பதிலை நாமே அவர் வாயில் வைக்கிறோம்.

[திரையில்: "உங்க வயலுக்குக் கடைசியாத் தண்ணி எப்ப வந்துச்சுங்க? எத்தனை நாள் பாஞ்சுதுங்க?"]

குரல்: இப்போது அவர் கண்டதைச் சொல்வார். தன் வயலுக்கு வந்தது அவருக்குத் தெரியும். மணக்கடவில் மொத்தம் எவ்வளவு வந்தது என்பதற்கு நீர்ப்பாசன அலுவலகத்தின் கணக்கைத்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுதப் பழக்குங்கள். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயியிடமும் அதே கேள்விகள், ஒரு சொல் மாறாமல். அலுவலகத்தில் பதில் வரவில்லையா? "கேட்டோம், பதில் கிடைக்கவில்லை" என்பதும் செய்தியில் வர வேண்டும்.

[காட்சி: கரும்பலகையில் எழுதும் மாணவி.]

குரல்: அடுத்தது எழுத்து. பேப்பர் படிப்பவர் புரியாவிட்டால் திரும்பப் படிப்பார். ரேடியோ கேட்பவருக்கு அது முடியாது. "7.25 டி.எம்.சி." என்பதை "ஏழே கால் டி.எம்.சி." என்று எழுதட்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்று உடனே சேர்க்கட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு எண் போதும். சொன்னவர் யார் என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வரட்டும்.

[ஒலி: மைக்கில் காற்றின் இரைச்சல்.]

குரல்: இனி மைக். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேசுபவரின் பதிவை, அதாவது பைட்டை, முழுவதும் விழுங்கிவிடும். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், பேசுபவரைச் சுவர் ஓரமாக நிறுத்துங்கள். ஹெட்போனில் கேட்டுப் பார்க்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

கேமராவுக்கு, கேரளப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. மன்றம் உங்கள் பள்ளியில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் செல்போன் போதும். நம் நாட்டில் தனியார் எஃப்.எம்.முக்கும் சமுதாய வானொலிக்கும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகவே பிள்ளைகளின் புல்லட்டின் பள்ளி அசெம்பிளியில் ஒலிக்கட்டும்.

குற்றத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகம், பள்ளி எதுவும் வெளியே வரக்கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதைத் தடை செய்கிறது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

[காட்சி: எடிட்டிங் திரை. இரண்டு விவசாயிகளின் பைட்.]

குரல்: இரண்டு பைட்டும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும். எதை முதலில் வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும்; காரணத்தை மட்டும் எழுதி வாங்குங்கள். ஆங்கர் வாசிக்கும் வரிகளை அதற்குப் பிறகு எழுதலாம்.