மொட்டை மாடிக்கு வாங்க

வணக்கம் நேயர்களே. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேரளமே நனையும்போதும் நம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அந்த வெயிலைக் கரண்டாக்கக் கண்காட்சி நடத்துகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், கம்பெனி ஸ்டால், மைக் செட், டீ, வடை. இருக்கட்டும். ஆனால் அதோடு வீடு காட்டுங்கள். ஏற்கெனவே சோலார் போட்ட நாலைந்து வீட்டுக்காரர்களிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரை மாடிக்கு ஏற்றுங்கள். 2015லேயே கொச்சி விமான நிலையம் முழுக்க சோலாருக்கு மாறியது. வியந்தோம், அதோடு சரி. பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தால்தான் நமக்கு ஆசை வரும்.

இப்படி ஒரு வீட்டில் கூட்டத்தோடு நின்றிருந்தேன். ஒரு ஆத்தா சுவரைப் பிடித்துக்கொண்டே படியேறி வந்து வீட்டுக்காரரிடம் கேட்டார்: “ஏங் கண்ணு, கரண்டு போனா இது ஓடுமா?”

“ஓடாதுங்க ஆத்தா.”

“வெயிலடிச்சாலுமா?”

“வெயிலடிச்சாலுந்தானுங்க.”

“அப்பறம் என்னத்துக்கு இத்தன காசு?”

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார்: இது பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்த சோலார். லைன் நின்றால் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேன், லைனில் கரண்டு இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். நம் மாடியிலிருந்து அந்த லைனுக்குள் கரண்டு பாய்ந்தால் அவர் கதி?

“அட, அப்படின்னா நிக்கட்டும். இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!” என்றார் ஆத்தா.

ஸ்டாலில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விற்கிறவரும் தானாகச் சொல்வதில்லை. பில் கட்டுகிறவர் சொல்வார். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், வீடு காட்டுங்கள். சோலாருக்கு முந்தைய பில், பிந்தைய பில் இரண்டையும் ஹால் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அந்த ஹாலில் அப்படியே ஃபேனையும் பாருங்கள். ஃபேன் என் பழைய பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்கிற, கரண்டு குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேனுக்கு 30 வாட் போதும். மூன்று ஃபேனை மாற்றினால், 12 மணி நேரம் ஓடுகிற வீட்டில் தினம் ஒன்றரை யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் சோலார் தருவதே நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட்தான். முதலில் ஃபேனை மாற்றுங்கள், பிறகு மாடிக்குப் போங்கள். குறைவான சோலார் பலகையே போதும் என்றாகிவிடும்.

இன்னொன்று. எல்லோரும் பங்குனி வெயிலில் கண்காட்சி வைக்கிறார்கள். மீட்டர் பறக்கும், பார்க்க ஜோர்தான். ஆடி மேகத்தில் ஒருமுறை வையுங்கள். உற்பத்தி எவ்வளவு இறங்குகிறது என்று சனங்கள் கண்ணால் பார்க்கட்டும். தென்னை நிழல் ஒரு பலகையில் விழுந்தாலே என்ன ஆகிறது என்பதையும்...

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பேட்டரியைப் பற்றி இன்று பேச முடியாது. மானியத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. வேலை முடிந்த பிறகுதான் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மானியத்தைக் கழித்துச் சொல்கிற விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நன்றி, வணக்கம்.