கட்டில் வாங்கும் முன் முழங்காலை அளந்து பாருங்கள் | சோழவந்தான் வீட்டிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குச் சோழவந்தானில், அப்பத்தா வீட்டில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிறதே, அந்தக் கட்டிலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தலைப்பக்கம் தூக்கும், முழங்கால் பக்கமும் தூக்கும். ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டில் என்பார்கள். கடையில் 'ஃபவுலர் காட்' என்று கேட்டால் சட்டென்று புரியும்.

அப்பத்தாவுக்கு 78 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பலம் குறைந்துவிட்டன. பேச்சும் ஞாபகமும் தெளிவாக இருக்கின்றன. பக்கத்தில் ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் எழுந்து நாலு எட்டு வைக்கிறார். ஆனால் ஆயுசு முழுக்கப் பாயில் படுத்தவர். தரையிலிருந்து எழுப்பி நிறுத்துவது இனிமேல் முடியாது. அதனால் கட்டில் போட்டே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

நான் செய்த முதல் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு சர்ஜிகல் கடையில் ஒரு கட்டிலை மாத வாடகைக்கு எடுத்து, அன்றைக்கே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டோம். தலைப்பக்கம் ஏறுகிறதா, இறங்குகிறதா, துரு இருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். உயரத்தைப் பார்க்கவில்லை. அப்பத்தாவைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்தால் கால் தரையைத் தொடவில்லை. "என்னய்யா, இம்புட்டு உசரத்துல அந்தரத்துல தொங்க விட்டுட்டே" என்று இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்த பயம் இன்னும் என் தோளில் இருக்கிறது. கால் ஊன்றாத ஆளால் எழுந்து நிற்க முடியாது, வழுக்கி விழத்தான் முடியும். அன்று ராத்திரி அத்தையும் நானும் தூங்கவே இல்லை.

மறுநாள் காலையில்தான் தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை எடுத்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள், கடைக்குப் போகும் முன்னால் செய்யுங்கள். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் முழுக்கத் தரையில் படிந்த பிறகு, குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். அப்பத்தாவுக்கு 16 அங்குலம். வாடகைக் கட்டிலின் தகடு தரையிலிருந்து 20 அங்குலம், மேலே மெத்தை 4 அங்குலம். மொத்தம் 24. எட்டு அங்குலம் கூடுதல். ஓரத்தில் உட்கார்ந்தால் முழங்கால் செங்கோணத்தில் மடங்கி, பாதம் தரையில் பதிய வேண்டும். ஆள் உட்கார்ந்ததும் மெத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் அமுங்கும், அதையும் கணக்கில் சேருங்கள். பின்மடிப்பைவிட ஒரு விரல் உயரமாக இருந்தால் தப்பில்லை, எழுந்திருக்கச் சுலபமாகவே இருக்கும்.

வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக வாங்குவது என்று முடிவு செய்தோம். அந்த முறை மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் போய் நிதானமாக நாலைந்து கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் சொல்லும் வகை இவ்வளவுதான்: ஒரே கைப்பிடி, முதுகுப்பக்கம் மட்டும் தூக்கும் என்றால் செமி ஃபவுலர். இரண்டு கைப்பிடி, முதுகும் முழங்காலும் தூக்கும் என்றால் ஃபவுலர். கட்டில் மொத்தமுமே மேலே கீழே போகும் என்றால் ஹை-லோ. இந்த ஃபவுலர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர், 1906இல் காலமான அமெரிக்க அறுவை மருத்துவர். வயிற்றுக்குள் சீழ் பிடித்தவர்களைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்தால் சீழ் கீழே இறங்கிவிடும், பிழைக்க வழி உண்டு என்று சொன்னவர். அவர் பெயர் இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் புழங்குகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது.

நாங்கள் எடுத்தது இரண்டு கைப்பிடி ஃபவுலர். மோட்டார் வைத்தது ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு மோட்டார் கட்டில் விலையில் கைப்பிடிக் கட்டில் இரண்டு, மூன்று வாங்கலாம். அப்புறம் கரண்ட். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். தலைப்பக்கம் தூக்கிய நிலையில் கட்டில் அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது? மோட்டார் கட்டில் வாங்குகிறவர்கள் கரண்ட் இல்லாதபோது இறக்குவதற்குக் கைப்பிடியோ பேட்டரியோ இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே இயக்கிப் பாருங்கள். ஆனால் ஒன்று. பகலில் தனியாக இருக்கிறவர், கை விரல் வேலை செய்கிறது, புத்தி தெளிவு என்றால் மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்து உட்காருவதற்கு இன்னொருவரைக் கூப்பிடாமல் இருப்பது பெரிய நிம்மதி. இங்கே அத்தை கூடவே இருப்பதால்தான் கைப்பிடி போதும் என்று தீர்மானித்தோம்.

உயரப் பிரச்சினையை எப்படித் தீர்த்தோம் என்று காட்டுகிறேன், இங்கே பாருங்கள். கட்டிலின் காலில் சக்கரம் இல்லை. சக்கரமும் அதன் பிடியும் சேர்ந்து 6 அங்குலம் இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி, குழாய்க்குள் கெட்டி ரப்பர் புஷ் அடித்து வாங்கினேன். இப்போது தகடு 14, மெத்தை 4, ஆக 18. அப்பத்தா உட்கார்ந்தால் பதினாறரைக்கு வருகிறது. பாதம் படிகிறது. சக்கரம் இல்லாததால் நகரவும் நகராது. இதில் ஒரு பாதகம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கட்டில் தாழ்ந்தால் பார்த்துக்கொள்கிறவருக்குக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். எழுந்து நடக்கவே முடியாத, படுக்கையிலேயே துடைத்து மாற்ற வேண்டிய ஆள் என்றால் ஹை-லோ கட்டிலுக்குப் போங்கள். வேலை செய்யும்போது ஏற்றிக்கொள்ளலாம், ராத்திரி இறக்கிவிடலாம். காலுக்கு அடியில் முக்காலி போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பலம் இல்லாத காலுக்கு முக்காலி வேண்டவே வேண்டாம், தட்டிவிடும்.

வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு தனி வேலை. இது பழைய வீடு, நிலை குறுகல், இரண்டே முக்கால் அடி. கட்டில் மூன்று அடி அகலம். தலைப்பலகை, கால்பலகை இரண்டையும் கழற்றி, சட்டத்தை ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைத்தோம். பூட்டிய பிறகு கட்டில் ஆடியது. முற்றத்துப் பக்கம் தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். பழைய ட்ராக்டர் ட்யூபை வெட்டி இரண்டு காலுக்கு அடியில் கொடுத்ததும் சரியாகிவிட்டது. கொண்டுவந்தவர் கிளம்பும் முன்னால் இரண்டு கைப்பிடியையும் கடைசி வரைக்கும் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காலியாக இல்லை, ஒரு ஆள் மேலே படுத்திருக்கும்போது. அத்தை மகன்தான் எங்களுக்குப் படுத்துக் காட்டினான்.

எந்தத் திசையில் போடுவது என்பதில் இரண்டு விஷயம். அப்பத்தாவுக்கு வலதுபக்கம் பலம் இல்லை, அதனால் இடதுபக்கமாக இறங்கும்படி, வலதுபக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறோம். பலமுள்ள கால்தான் முதலில் தரையில் ஊன்ற வேண்டும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் சந்து விடாதீர்கள். இரண்டாவது, கைப்பிடி கால்மாட்டில் இருக்கிறது. கால்மாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் சுற்ற இடம் இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றடி விடுங்கள். சுற்றி முடித்ததும் கைப்பிடியை உள்ளே மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் போகிறவர் முழங்காலில் இடிக்கும்.

இறங்கும் பக்கத்தில் தலைமாட்டில் மட்டும் பாதி நீளத்துக்கு ஒரு மடக்குக் கம்பி வைத்திருக்கிறோம், பிடித்து எழுந்திருக்க. முழு நீளக் கம்பி பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் தடுமாற்றம் உள்ளவர்கள் அதன்மேல் ஏறி இறங்கப் பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள். கம்பிகளுக்கு நடுவில் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தலை நுழையக்கூடிய இடைவெளி 120 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ஸ்கேலை வைத்து அளந்துதான் வாங்கினேன்.

சரி, மெத்தை. வீட்டில் போடியில் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருக்கிறது. அதைத்தான் போட வேண்டும் என்று அப்பத்தாவுக்கு ஆசை. போட்டுப் பார்த்தோம். தலைப்பக்கம் தூக்கினால் அது மடங்காமல் நடுவில் கூடாரம் மாதிரி நிற்கிறது. இந்தக் கட்டிலுக்கு நான்கு துண்டாக இருக்கும் ஃபோம் மெத்தைதான் சரி. மேலே ரெக்ஸின் உறை, துடைக்க வசதி. ஆனால் நம் ஊர் வெயிலில் ரெக்ஸின் முதுகில் ஒட்டும். அதற்கு அப்பத்தாவின் பழைய சுங்குடிச் சேலை இரண்டை மடித்து இழுத்துக் கட்டிவிட்டோம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட துணி, உடம்பு அறிந்த துணி. சுருக்கம் மட்டும் விழக்கூடாது. காற்று மெத்தை எங்களுக்குத் தேவைப்படவில்லை, அப்பத்தா தானே புரண்டு படுக்கிறார். புரள முடியாதவர்களுக்கு அது உதவும். ஆனால் அதைப் போட்டாலும் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை போய்விடாது.

இப்போது சொல்லப்போவதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். தலையைத் தூக்கும் முன்னால் முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். தலையை மட்டும் தூக்கினால் ஆள் மெல்லக் கீழே சரிவார். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் இறங்கும், நடுவில் சதையும் ரத்தக்குழாயும் இழுபடும். வால் எலும்புப் பக்கம் படுக்கைப் புண் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இறக்கும்போது நேர் எதிர்: முதலில் தலை, அப்புறம் முழங்கால். அதோடு, கட்டில் மடங்குகிற இடத்தில் அவருடைய இடுப்பு இருக்க வேண்டும். கீழே தள்ளிப் படுத்திருந்தால் முதுகு நடுவில் வளையும், மூச்சு முட்டும். பாருங்கள், சட்டத்தில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருக்கிறேன். படுக்க வைக்கும்போது இடுப்பு அந்தக் கயிற்றுக்கு நேராக வந்ததா என்று அத்தை பார்த்துக்கொள்வார்.

சும்மா படுத்திருக்கும்போது 30 பாகைக்கு மேல் ஏற்றுவதில்லை. பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியை வைத்துப் பார்த்தேன், எங்கள் கைப்பிடியில் 14 சுற்று. சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன், தெரிகிறதா? சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முழுக்க நிமிர்த்தி உட்கார வைக்கிறோம். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடக்கூடாது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் கட்டிலை இந்த மூலையில் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் நேராக வாசல் தெரியும், வாசலைத் தாண்டித் தெரு தெரியும். கீரைக்காரம்மா போனால் விலை கேட்கிறார். நேற்று வெற்றிலைக்கொடிக்கால் வேலைக்குப் போகிற ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குள் வரவழைத்துப் பத்து நிமிடம் பேசினார். மூன்று மாதத்தில் அப்படிப் பேசி நான் பார்த்தது நேற்றுதான்.

அத்தை கூப்பிடுகிறார்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது போல, கட்டிலை இறக்க வேண்டும். முதலில் தலை, அப்புறம் முழங்கால். வருகிறேன்.