பாதை என்றாலே படகுதான்

நேயர்களுக்கு வணக்கம். போன ஞாயிறு காலை திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள் ஒரு மர நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். மூதூர் மீனவர்கள், உப்புவெளியில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் தம்பிமார், என்னைப் போல ஓய்வுபெற்ற வாத்திமார் இருவர். கொண்டுபோன வாழைப்பழத்தில் பாதியைக் கோட்டை மான்கள் தின்றுவிட்டன. அது வேறு கதை.

பேசியது நீர்வழித்தடம் பற்றி. துடுப்பு வலித்துப் போகிறவர்களுக்கென்று குறித்து வைத்த வழி அது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1988இலேயே தீவுகளைக் கோத்து ஒன்றை அமைத்தார்கள். தீவுக்குச் சொந்தக்காரர்கள் கரையேற விடுகிறார்கள், தொண்டர்கள் குப்பை அள்ளுகிறார்கள்.

நமக்கு இதெல்லாம் புதினமா? கிழக்கில் பாதை என்றாலே ஆளையும் வண்டியையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் படகுதானே! கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மட்டக்களப்புக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்போம். 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் திறந்தார்கள். மற்ற இடங்களிலும் பாலங்கள் வந்தன. நல்லதுதான். ஆனால் அதோடு படகு ஏறி இறங்கிய துறைகளை மறந்துவிட்டோம்.

மூதூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "தண்ணி எங்கயும் கிடக்கு சேர். எங்க இறங்குறது?" அதுதான் கேள்வி. திருகோணமலைக்கும் மூதூருக்கும் நடுவில் கிடக்கும் கொட்டியாரக் குடாவில் யாரும் கோடு போட வேண்டியதில்லை. கரையில்தான் சிக்கல். ஒரு பக்கம் கடற்படை, அனுமதி வேண்டும். இன்னொரு பக்கம் விடுதி வேலி. மகாவலி வந்து விழும் பக்கம் கண்டல் காடு, சேறு. களைத்து வருகிறவனுக்கு ஒரு நிழல், ஒரு குடம் நல்ல தண்ணீர், வள்ளத்தை இழுத்து விட நாலு முழ மணல், இவ்வளவும் இருந்தால் போதும்.

உயிர்காப்புச் சட்டை கட்டாயமா என்று தம்பிமார் இழுத்தார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் போனதை ஒருவர் நினைவுபடுத்தினார். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

வாடைக்காற்று எழும்பினால் கடலில் இறங்க முடியாது. அதற்குள் மூதூரிலிருந்து ஒரு வள்ளத்தில் கரையோரமாக வந்து, இறங்கக்கூடிய இடங்களை எழுதிவைக்கப் போகிறோம். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இப்போது வானொலியில் கேட்டிருப்பார்.